ரஸ்ட் மொழியில் தரவுச் சுருக்கம்: ஆலைக்கும் காற்றாலைக்கும் நிரல் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையிலும் திருப்பூரிலும் நூற்பாலைகளுக்கு டேட்டா லாகர் (அளவுகளைப் பதிந்துவைக்கும் கருவி) செய்பவர்களும், பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளிலிருந்து அளவுகளைச் சேகரிப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சுருக்க நூலகத்தை (தரவைச் சுருக்கும் ஆயத்த நிரல் தொகுப்பை) அழைக்க இரண்டு வரி நிரல் போதும். சுருக்கிய தரவு முழுமையாக வட்டுக்குப் போய்ச் சேர்ந்ததா, சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் விரித்தால் ஒரு பைட்டும் மாறாமல் வருமா என்று உறுதிசெய்வதில்தான் உழைப்பு இருக்கிறது. பதில்களில் பெரும்பகுதி அதைப் பற்றியதே.

வட்டுகள் மலிவாகிவிட்டன. இன்னும் எதற்காகச் சுருக்க வேண்டும்?

வட்டு மலிவுதான், வழி மலிவில்லை. ஒரு காற்றாலை வினாடிக்கு 64 பைட் அளவில் ஒரு பதிவு எழுதுகிறது என்று கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 55,29,600 பைட். ஐம்பது காற்றாலைகள் என்றால் நாள்தோறும் 27 கோடி பைட்டைத் தாண்டும். இது முழுவதும் தோட்டத்து நடுவில் நிற்கும் கோபுரத்திலிருந்து சிம் கார்டு வழியாகக் கோவைக்கு வர வேண்டும். சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் இடத்தில், பாதி அளவில் போகும் கோப்பு சிக்னல் போவதற்குள் போய்ச் சேர்கிறது. எஸ்டி கார்டில் எழுதும் கருவிகளுக்கு இன்னொரு லாபமும் உண்டு: எழுதும் பைட் குறைந்தால் கார்டின் ஆயுள் கூடுகிறது.

சி மொழியே போதாதா? ரஸ்ட் எதற்கு?

போதும். உலகத்தின் பெரும்பகுதி இன்றும் சி மொழியில் எழுதிய ஸெட்லிப் நூலகத்தின் மேல்தான் ஓடுகிறது. 1995இல் ஜான்-லூ கெய்லியும் மார்க் ஆட்லரும் வெளியிட்ட அந்த நூலகம் மிகுந்த கவனத்தோடு பராமரிக்கப்படுவது. அப்படிப்பட்டதிலேயே 2022இல் வந்த 1.2.12, 1.2.13 பதிப்புகள் இரண்டும் நினைவகப் பிழைகளைத் திருத்த வேண்டியிருந்தது. வெளியிலிருந்து வரும் பைட்டுகளைப் பிரித்துப் படிக்கும் நிரலில் எல்லை தாண்டி எழுதுவது எவ்வளவு எளிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ரஸ்ட்டின் பாதுகாப்பான பகுதியில் எழுதினால் அந்த வகைப் பிழை நினைவகத்தைச் சிதைக்காது. நிரல் அங்கேயே நின்றுவிடும். புதிதாகத் தொடங்குபவருக்கு நான் ரஸ்ட்டையே சொல்வேன். ஏற்கெனவே சி நிரல் நன்றாக ஓடுகிறதென்றால், அதைத் தூக்கியெறியாமல் ஸெட்லிப்பின் பதிப்பை மட்டும் புதுப்பியுங்கள்.

ஸெட்லிப், ஸெட்ஸ்டாண்டர்ட், எல்ஸெட்4 என்று பல இருக்கின்றனவே. எதை எடுப்பது?

கோப்பை யார் திறக்கப் போகிறார்கள் என்று முதலில் கேளுங்கள். வாடிக்கையாளர், தணிக்கையாளர், இன்னும் வேலைக்கே சேராத ஒரு பொறியாளர் என யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என்றால் ஜீஸிப் வடிவம். 1992இல் வந்தது, அதைத் திறக்கத் தெரியாத கணினி அபூர்வம். ரஸ்ட்டில் இதற்கு ஃபிளேட்2 என்ற நூலகம் இருக்கிறது. ஸெட்லிப்புக்கும் ஜீஸிப்புக்கும் உள்ளே ஓடுவது டிஃப்ளேட் என்ற ஒரே சுருக்க முறைதான். தலைப்பும், தரவு சிதைந்ததா என்று கண்டறிய உதவும் சரிபார்ப்பு எண்ணும் மட்டும் வேறு.

எழுதுவதும் படிப்பதும் உங்கள் நிரல்தான் என்றால் ஸெட்ஸ்டாண்டர்ட். ஃபேஸ்புக்கில் பணியாற்றிய யான் கொலே உருவாக்கியது, 1.0 பதிப்பு 2016இல் வந்தது. பொதுவாக ஜீஸிப்பைவிட வேகமாகவும் சிறியதாகவும் சுருக்குகிறது. எல்ஸெட்4 அவருடைய முந்தைய படைப்பு. சுருக்கம் குறைவு, வேகம் அபாரம். ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்தின் அதிர்வு அளவுகளைப் போல விடாமல் வந்து கொட்டும் தரவுக்கு அது பொருந்தும்.

ஒன்றைக் கவனியுங்கள். ஜீஸிப்பில் சரிபார்ப்பு எண் எப்போதும் இருக்கும். ஸெட்ஸ்டாண்டர்ட் நூலகத்தில் அது இயல்பாக அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். நான்கு பைட் செலவு. தயங்காமல் போடுங்கள்.

கோப்பு எழுதினேன், பிழை எதுவும் வரவில்லை. ஆனால் விரிக்கும்போது கடைசிப் பகுதியைக் காணவில்லை. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சுருக்கி என்பது நீங்கள் கொடுக்கும் பைட்டை உடனே வெளியே தள்ளுவதில்லை. முன்னே வந்ததோடு ஒப்பிட்டு, ஒரு தொகுதி சேர்ந்த பிறகுதான் எழுதும். எனவே எந்த நேரத்திலும் கொஞ்சம் தரவு அதன் வயிற்றுக்குள் இருக்கும். எல்லாவற்றையும் வெளியேற்றி, இறுதிக் குறியையும் சரிபார்ப்பு எண்ணையும் எழுது என்று சொல்வது ஃபினிஷ் என்ற அழைப்பு. அதை விட்டுவிட்டால் கோப்பு வாலில்லாமல் நிற்கும்.

ரஸ்ட்டில் ஒரு மாறி எல்லையைவிட்டு வெளியேறும்போது அதைத் துடைத்து மூடும் டிராப் என்ற அழைப்பு தானாக ஓடும். ஃபிளேட்2 அந்த இடத்தில் தானே முடித்துவைக்கப் பார்க்கிறது. அதனால் பலர் ஃபினிஷ் எழுதாமலே விட்டு, சோதனையில் எல்லாம் சரியாக வருவதைப் பார்த்து நிம்மதியடைகிறார்கள். ஆனால் டிராப் எதையும் திருப்பித் தர முடியாது. அந்தக் கடைசி எழுத்தின்போது கார்டு நிரம்பியிருந்தால் பிழை அங்கேயே விழுங்கப்படுகிறது. உங்கள் நிரல் "பதிவாகிவிட்டது" என்று சொல்லும். கோப்பு பாதியில் நிற்கும். ஸெட்ஸ்டாண்டர்டுக்கான ரஸ்ட் நூலகம் இன்னும் கறாரானது. ஃபினிஷ் சொல்லாவிட்டால் அது முடித்துவைக்காது. ஆட்டோ-ஃபினிஷ் என்று ஒன்றைக் கேட்டு வாங்கலாம்; முடிக்கும்போது பிழை வந்தால் அது நிரலையே நிறுத்திவிடும். இரவு ஷிஃப்டில் ஓடும் கருவிக்கு அது நல்ல ஏற்பாடு இல்லை.

ஆகவே ஃபினிஷை நீங்களே அழையுங்கள், அதன் விடைக்குக் கேள்விக்குறி (?) போட்டு, பிழை வந்தால் அழைத்த நிரலுக்கு மேலே அனுப்புங்கள். அது உள்ளே இருந்த கோப்பை உங்கள் கையில் திருப்பித் தரும். அந்தக் கோப்பின் மேல், எல்லாம் வட்டில் பதியும்வரை காத்திருக்கும் சிங்க்-ஆல் அழையுங்கள். இந்த இரண்டும் வெற்றி என்று வந்த பிறகே பழைய, சுருக்காத கோப்பை அழிக்கலாம். இடையில் பஃப்-ரைட்டர் (சிறு எழுத்துகளைச் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதுவது) வைத்திருந்தால் ஃபினிஷ் அதைத்தான் திருப்பித் தரும். அதை ஃபிளஷ் செய்து (மிச்சத்தை வெளியே தள்ளி), உள்ளிருக்கும் கோப்பை எடுத்து சிங்க்-ஆல் அழையுங்கள்.

சி மொழிக்காரர்களுக்கும் இதே கதைதான். டிஃப்ளேட் அழைப்பு "ஓடை முடிந்தது" என்ற குறியைத் தரும்வரை சுற்றில் அழைக்க வேண்டும். பாதியில் டிஃப்ளேட்-எண்ட் அழைத்தால் அது தரவுப் பிழை என்று எண் மூலம் சொல்லும். அந்த எண்ணைப் பார்க்கும் நிரல்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன்.

ஃபினிஷ் செய்வதற்குள் மின்சாரம் போய்விட்டால்?

நம் ஊர்க் கருவிகளுக்கு இது கட்டாயக் கேள்வி. ஒரு நாள் முழுவதையும் ஒரே ஓடையாகச் சுருக்கி, நள்ளிரவில் முடித்துவைக்கும் நிரல்கள் உண்டு. மாலை ஆறு மணிக்கு மின்தடை வந்தால் அந்தக் கோப்புக்கு இறுதிக் குறியே இல்லை. விரிக்கும் நிரல் "எதிர்பாராத முடிவு" என்று சொல்லிவிடும்.

இதற்கு ஜீஸிப் வடிவத்திலேயே அழகான தீர்வு இருக்கிறது. முழுமையான இரண்டு ஜீஸிப் துண்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால், ஒட்டியதும் முறையான ஜீஸிப் கோப்புதான். எனவே ஐந்து நிமிடத்துக்கு ஒரு துண்டு என்று எழுதுங்கள். ஒவ்வொரு துண்டையும் முடித்து, வட்டில் சேர்த்து, அதே கோப்பின் வாலில் அடுத்ததைத் தொடங்குங்கள். மின்சாரம் போனால் இழப்பது அதிகபட்சம் ஐந்து நிமிடத் தரவு. செலவு என்னவென்றால், துண்டுக்கு 18 பைட் தலைப்பும் முடிவும். அதோடு ஒவ்வொரு துண்டும் முந்தைய துண்டின் தரவை மறந்து புதிதாகத் தொடங்குவதால் சுருக்கம் சற்றுக் குறையும். நான் இந்தச் செலவை எப்போதும் ஏற்றுக்கொள்வேன்.

படிக்கும் பக்கத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஃபிளேட்2 நூலகத்தில் ஜீஸெட்-டீகோடர் முதல் துண்டோடு நின்றுவிடும், பிழையும் சொல்லாது. எல்லாத் துண்டுகளையும் படிக்க மல்ட்டி-ஜீஸெட்-டீகோடர் வேண்டும். கோப்பில் முதல் ஐந்து நிமிடம் மட்டுமே இருக்கிறது என்று யாராவது பதறினால் முதலில் இதைப் பாருங்கள். ஸெட்ஸ்டாண்டர்டிலும் இப்படித் துண்டுகளை ஒட்டலாம்.

ஃபிளஷ் மட்டும் செய்தால் போதாதா என்றும் கேட்பார்கள். ஃபிளஷ் இதுவரை வந்ததை வெளியே தள்ளும், முன்தரவின் நினைவையும் வைத்திருக்கும். ஆனால் இறுதிக் குறியோ சரிபார்ப்பு எண்ணோ எழுதாது. சிம் வழியாக நேரலையில் அனுப்பும்போது ஃபிளஷ் சரி. கோப்புக்குத் துண்டுதான் சரி.

எந்தச் சுருக்க நிலையை வைப்பது?

ஸெட்லிப்பில் 0 முதல் 9, இயல்பு 6. ஸெட்ஸ்டாண்டர்டில் 1 முதல் 22, இயல்பு 3. இயல்பிலேயே தொடங்குங்கள். உயர்ந்த நிலைகள் எழுதும் நேரத்தையும் நினைவகத்தையும் கூட்டும். விரிக்கும் வேகம் பெரிதாக மாறாது.

நிலையை மாற்றுவதற்கு முன் உங்கள் சொந்தத் தரவில் அளந்து பாருங்கள். எந்த மாதத் தரவில் என்பதும் முக்கியம். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும் ஆடியில் காற்றாலையின் ஒவ்வொரு அளவும் வினாடிக்கு வினாடி துள்ளும். சீசன் முடிந்து இறக்கைகள் நிற்கும் நாட்களில் உற்பத்திப் பத்தி முழுவதும் பூஜ்யமாக இருக்கும். அதை எந்த நூலகமும் நன்றாகவே சுருக்கும். ஓய்ந்த மாதத்தில் அளந்து வட்டின் அளவை முடிவு செய்தவர்கள் ஆடியில் மாட்டிக்கொள்வார்கள். நூற்பாலைக்கும் அப்படியே: பொங்கல் விடுமுறை வாரத்தை மாதிரியாக எடுக்காதீர்கள்.

அளக்கும்போது ரிலீஸ் முறையில் (வேகத்துக்காக மேம்படுத்தி) கட்டிய நிரலையே ஓட்டுங்கள். முழுக்க ரஸ்ட்டில் எழுதிய சுருக்கியை, பிழை தேடுவதற்கான டீபக் முறையில் ஓட்டிவிட்டு மெதுவாக இருக்கிறது என்று சொல்வது அதற்கு அநியாயம்.

நிலையைக் கூட்டியும் சென்சார் தரவு சுருங்கவில்லையே?

நிலையைக் கூட்டுவதால் கிடைப்பதைவிடத் தரவை அடுக்கும் முறையை மாற்றுவதால் கிடைப்பது அதிகம். காரணம் டிஃப்ளேட் வேலை செய்யும் விதம். 1977இல் ஆபிரகாம் லெம்பலும் ஜேக்கப் ஸிவும் சொன்ன யோசனைப்படி, அது கடைசி 32 கிலோபைட்டுக்குள் இதே பைட் தொடர் முன்பு வந்திருக்கிறதா என்று தேடுகிறது. குறைந்தது மூன்று பைட் ஒத்துப்போனால்தான் சுட்டிக்காட்டி எழுதும். பிறகு எல்லாவற்றையும், அடிக்கடி வருவதற்குக் குறுகிய குறி தரும் ஹஃப்மன் குறிமுறையில் எழுதும்.

இப்போது ஒரு ரிங் ஃபிரேமின் பதிவை எண்ணிப் பாருங்கள்: நேரம், ஸ்பிண்டில் வேகம், ஓடிய மீட்டர், மின்சார யூனிட், வெப்பம், ஈரப்பதம். நேரம் ஒவ்வொரு பதிவிலும் மாறுகிறது. ஓடிய மீட்டர் ஏறிக்கொண்டே போகிறது. ஈரப்பதம் அப்படியே இருக்கிறது. ஆனால் மாறாதவற்றுக்கு இடையே மாறுபவை புகுந்து, நீளமான ஒற்றுமை எதையும் அமையவிடாமல் வெட்டிவிடுகின்றன.

மூன்று மாற்றங்களைச் செய்யலாம். ஐந்து நிமிடத்தின் முந்நூறு பதிவுகளைச் சேர்த்துப் பத்தி பத்தியாக எழுதுங்கள். ஈரப்பதங்கள் எல்லாம் ஓரிடத்தில், வேகங்கள் எல்லாம் ஓரிடத்தில். அடுத்து, ஏறிக்கொண்டே போகும் எண்களுக்கு முந்தையதோடு உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். நேரத்தின் வித்தியாசம் எப்போதும் 1. முந்நூறு நேரக் குறிப்புகள் ஒரே எண்ணின் தொடராகி, ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போய்விடும். மூன்றாவதாக, 31.4 டிகிரி என்பதைத் தசம வடிவில் வைக்காமல் 314 என்ற முழு எண்ணாக வையுங்கள். சென்சாரே ஒரு தசமம்வரைதான் அளக்கிறது என்றால் அதற்குமேல் சேமிப்பது வெறும் சத்தம்.

வித்தியாசம் எடுக்கும்போது, எல்லை தாண்டினால் சுற்றி வரும் கழித்தலான ராப்பிங்-சப் பயன்படுத்துங்கள். மீட்டர் எண்ணி சுழியத்துக்குத் திரும்பும் நாளில் சாதாரணக் கழித்தல் டீபக் முறையில் நிரலை நிறுத்திவிடும். திரும்பக் கூட்டும்போது ராப்பிங்-ஆட்.

இருநூறு பைட் செய்திகளை அனுப்புகிறோம். சுருக்கினால் ஒரு பயனும் தெரியவில்லை. என்ன செய்வது?

இவ்வளவு சிறிய செய்திக்குள் ஒப்பிட்டுப் பார்க்க முன்தரவே இல்லை. செய்தியின் பெரும்பகுதி "காற்றின் வேகம்", "திசை" போன்ற பெயர்களாக இருக்கும், ஒவ்வொரு முறையும் அவை புதிதாகவே தெரியும். ஸெட்ஸ்டாண்டர்டின் அகராதி வசதி இதற்காகவே உண்டானது. ஆயிரக்கணக்கான பழைய செய்திகளைக் கொடுத்து ஓர் அகராதியைப் பயிற்றுவித்து, இரு முனைகளிலும் வைத்துக்கொண்டால் முதல் பைட்டிலிருந்தே ஒப்பிட ஏதோ ஒன்று இருக்கும். மாதிரிகளின் மொத்த அளவு அகராதியைப்போல் நூறு மடங்கு இருப்பது நல்லது.

அகராதி தொலைந்தால் செய்திகளும் தொலைந்தன. எனவே அதை நிரலோடு சேர்த்து, பதிப்புகளைக் காத்துவைக்கும் கிட் களஞ்சியத்தில் வையுங்கள், எண் கொடுங்கள், புதியது வந்த பிறகும் பழையதை அழிக்காதீர்கள். கோபுரத்தின் மேல் இருக்கும் கருவி பழைய அகராதியோடு எத்தனை மாதம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

துணியின் படங்களையும் சுருக்கலாமா?

திருப்பூரில் பின்னல் துணியின் பிசிறைக் கேமராவில் பார்ப்பவர்கள் கேட்பது இது. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. மறுபடி சுருக்கினால் மின்சாரம்தான் செலவு. அப்படியே வையுங்கள்.

விரித்து வரி வரியாகப் படிப்பது மிக மெதுவாக இருக்கிறது.

விரிப்பானின் மேல், மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளும் பஃப்-ரீடர் போட்டுப் படியுங்கள். சின்னச் சின்ன வாசிப்புக்கு ஒவ்வொரு முறையும் விரிப்பானை எழுப்பினால் மெதுவாகத்தான் இருக்கும்.

சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் நினைவகம் போதவில்லை.

ஸெட்லிப் இயல்பு அமைப்பில் சுருக்குவதற்கு ஏறத்தாழ 256 கிலோபைட் கேட்கும்: சாளரத்துக்கு (முன்தரவைத் தேடும் பகுதிக்கு) 128, உள் அட்டவணைகளுக்கு 128. விரிப்பதற்கு 32 கிலோபைட்டும் அதற்குமேல் கொஞ்சமும் போதும். சாளர பிட்டை 15இலிருந்து 10ஆகவும் நினைவக நிலையை 8இலிருந்து 1ஆகவும் குறைத்தால் இந்த 256 என்பது 5ஆகச் சுருங்கிவிடும். மேலே சில கிலோபைட் நிலையான செலவு. சுருக்கம் குறையும், ஆனால் ஓடும். பலகைக்கு சி கம்பைலரை அமைப்பது தலைவலி என்றால் மினிஸ்-ஆக்சைடு போல முழுக்க ரஸ்ட்டில் எழுதிய நூலகத்தை எடுங்கள். ஸெட்ஸ்டாண்டர்டின் ரஸ்ட் நூலகம் உள்ளே சி நிரலைச் சுமந்து வருவதால் கட்டும்போது சி கம்பைலர் கேட்கும்.

வெளியிலிருந்து வரும் கோப்பை விரிப்பதில் ஆபத்து உண்டா?

உண்டு. டிஃப்ளேட் ஆயிரம் மடங்குக்குமேல் சுருக்கக்கூடியது. உச்சம் 1032 மடங்கு. பத்து மெகாபைட் கோப்பு பத்து கிகாபைட்டாக விரிந்து சர்வரின் நினைவகத்தை நிரப்பிவிடும். கோப்புக்குள் கோப்பாக மடித்து, 42 கிலோபைட்டை 4.5 பெட்டாபைட்டாக விரியச் செய்த ஸிப் கோப்பு இத்துறையில் பெயர்பெற்றது. ஜீஸிப்பின் வாலில் எழுதியிருக்கும் மூல அளவை நம்பி நினைவகம் ஒதுக்காதீர்கள். அது 32 பிட் எண். நான்கு கிகாபைட்டைத் தாண்டினால் சுற்றி வந்துவிடும், வேண்டுமென்றே பொய்யாகவும் எழுதலாம்.

ரஸ்ட்டில் விரிப்பானின் மேல் டேக் என்று ஓர் எல்லை போடலாம். ஆனால் டேக் எல்லையில் அமைதியாக நின்றுவிடும். அதிகமாக இருந்ததா என்று சொல்லாது. அனுமதிக்கும் அளவைவிட ஒரு பைட் கூடுதலாக எல்லை வையுங்கள். அந்தக் கூடுதல் பைட்டும் வந்துவிட்டால் கோப்பை நிராகரியுங்கள்.

யாரோ எழுதிய நூலகத்தை ஆலையின் கணினியில் நம்பிப் போடலாமா?

2024 மார்ச் மாதத்துக்குப் பிறகு எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. எக்ஸ்ஸெட் என்ற சுருக்க நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு ஒரு பின்வாசல் புகுத்தப்பட்டிருந்தது. தொலைவிலிருந்து உள்நுழைவது அரை வினாடி தாமதமாவதைக் கவனித்து, விடாமல் துருவிக் கண்டுபிடித்தவர் மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயிண்ட். ஒரு மனிதர் அரை வினாடியை அலட்சியப்படுத்தாததால் உலகம் தப்பித்தது.

நாம் செய்யக்கூடியவை: ரஸ்ட்டின் கட்டும் கருவியான கார்கோவின் பூட்டுக் கோப்பை (சார்பு நூலகங்களின் பதிப்புகளைக் குறித்துவைப்பது) கிட்டில் சேர்ப்பது, கார்கோ ஆடிட் கொண்டு அறியப்பட்ட ஓட்டைகளைப் பார்ப்பது, இணையம் இல்லாத ஆலைக் கணினிகளுக்குக் கார்கோ வெண்டர் மூலம் எல்லாச் சார்பு நூலகங்களையும் நகலெடுத்து வைப்பது. சார்பு நூலகம் குறைவாக இருப்பது எல்லாவற்றையும்விட நல்லது.

மறையாக்கமும் (என்க்ரிப்ஷன்) செய்கிறோம். முதலில் எது?

முதலில் சுருக்கம், பிறகு மறையாக்கம். மறையாக்கிய பைட்டுகளில் ஒழுங்கு எதுவும் இராது; அவை சுருங்கா. ஆனால் ரகசியச் சொல்லையும் வெளியார் கொடுக்கும் தரவையும் ஒரே ஓடையில் சேர்த்துச் சுருக்காதீர்கள். அளவு மாறுவதை வைத்தே ரகசியத்தை எழுத்தெழுத்தாக ஊகிக்கலாம் என்று 2012இல் கிரைம் என்ற தாக்குதல் காட்டிவிட்டது.

நூலகத்தைப் புதுப்பித்தோம், சோதனை தோற்கிறது. சுருக்கிய கோப்பின் ஹாஷ் (பைட்டுகளிலிருந்து கணக்கிடும் அடையாள எண்) மாறிவிட்டது.

கோப்பு சரியாக இருக்கிறது, சோதனைதான் தவறு. டிஃப்ளேட் தரநிலை விரிக்கும் முறையைத்தான் வரையறுக்கிறது. ஒரே தரவைப் பல விதமாகச் சுருக்கலாம், எல்லாமே சரி. பதிப்பு மாறினாலோ ஃபிளேட்2 உள்ளே பயன்படுத்தும் சுருக்க நிரலை மாற்றினாலோ சுருக்கிய பைட்டுகள் மாறலாம்.

மூலத் தரவின் ஹாஷை வைத்துக்கொள்ளுங்கள். சுருக்கி, விரித்து, அந்த ஹாஷோடு ஒப்பிடுங்கள். வெற்றுக் கோப்பு, ஒரே ஒரு பைட், முழுவதும் பூஜ்யம், முழுவதும் தாறுமாறான பைட்டுகள், பாதியில் வெட்டிய கோப்பு ஆகிய ஐந்தையும் சோதனையில் சேருங்கள். வெட்டிய கோப்புக்கு உங்கள் நிரல் பிழை சொல்ல வேண்டும், அதற்கு முன் முழுமையாக வந்த துண்டுகளையும் கையில் தர வேண்டும். பழைய பதிப்பு எழுதிய கோப்புகள் சிலவற்றையும் கிட்டில் வைத்திருந்து, ஒவ்வொரு புதுப்பித்தலின்போதும் விரித்துப் பாருங்கள்.